பத்தாயிரத்து நானூறு

மார்ச் 1, ஞாயிறு

ஆர்.பி.எம். மீட்டர் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்து, சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டமான கறுப்பு முகம், நடுவில் சிவப்பாக எண் எரியும். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சொல்லும். அதைவிட முக்கியம், பக்கவாட்டில் இருக்கிற குட்டிப் பொத்தான். அதை அழுத்தினால், கடைசியாக ஓட்டியபோது எஞ்சின் எட்டிய உச்சம் எவ்வளவு என்று காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பொத்தானுக்காகத்தான் வாங்கினேன். இதை வேறு யாரும் படிக்கப்போவதில்லை, உண்மையை எழுதலாம்.

இவள் வந்து பார்த்தாள். இது இல்லாவிட்டால் கார் ஓடாதா என்று கேட்டாள். ஓடும் என்றேன். வண்டி ஆய்வுக்கு இது வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். மேஜையைத் துடைக்கத் துணியோடு வந்து நின்றாள்.

ஆறு வருஷமாக ஷெட்டில் வளர்கிறது இந்தக் கார். இரும்புச் சட்டம் ஒரு பெட்டியில், ஃபைபர் பாடி இரண்டு பெட்டியில், சில்லறைச் சாமான்கள் எண்ண முடியாத பெட்டிகளில் என்று வந்து இறங்கியது. எல்லாவற்றையும் நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சின் மட்டும் ஒரு பழைய வண்டியிலிருந்து எடுத்தது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது. நானும் மைத்துனனும் பாதிப் பாதி. அவன் இவளுடைய தம்பி, பல் டாக்டர். சனிக்கிழமை மதியம் கிளினிக்கை மூடிவிட்டு, தன் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிடுவான்.

எஞ்சினைப் பிரித்துக் கோத்துக் கொடுத்த மெக்கானிக் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்வரை ஐயாயிரம் சுற்றைத் தாண்டக் கூடாது. மைதானத்தில் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் மைத்துனன் தாண்டுகிறான். கேட்டால் இல்லவே இல்லை, நாலாயிரத்துச் சொச்சம்தான், என் காதே சொல்லும் என்கிறான். நாள் முழுக்கப் பல் ராவுகிற மெஷின் சத்தத்தைக் கேட்டுக் காது பழகிவிட்டதாம். நான் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிறவன். காதை வைத்து எடை போட்ட கடைக்காரரை இதுவரை நான் பார்த்ததில்லை.

27ஆம் தேதி வண்டி ஆய்வு. சேர்ந்து கட்டியவர்கள் இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அன்று தேறினால் நம்பர் பிளேட். தவறினால் மறுபடி வரிசை, அடுத்த வருஷம்தான்.

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு கடையில் தராசுத் தட்டுக்கடியில் காந்தம். கடைக்காரர் அது தானாக ஒட்டிக்கொண்டது என்றார். மனிதர்களை நம்பலாம், ஆனால் தராசைச் சோதித்த பிறகு நம்பலாம்.

மார்ச் 7, சனி

மைத்துனனுக்கு இன்று பல் டாக்டர்கள் கூட்டம். நல்லதாய்ப் போயிற்று. அவன் வருவதற்குள் மீட்டரை மாட்டிவிட வேண்டும் என்று தனியாகவே இறங்கினேன்.

நாலு வயர். சிவப்பு, சாவி போட்டால் கரண்ட் வருகிற இடத்துக்கு. வெள்ளை, லைட் ஸ்விட்சுக்கு. பச்சை, இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனைக்கு. ஸ்பார்க் அடிப்பதை எண்ணித்தான் மீட்டர் சுற்றைக் கணக்குப் போடுகிறது. மிச்சம் இருப்பது கறுப்பு, எர்த். எர்த் என்றால் பாடியில் கொடுப்பது உலக வழக்கம். டாஷ்போர்டுக்குப் பின்னால் பாடியில் ஒரு திருகாணி போட்டு, இன்டிகேட்டர் அம்புக்குறி விளக்குகளின் எர்த்தையும் இதையும் ஒன்றாக முடுக்கினேன்.

அப்புறம் மீட்டரைக் குழியில் உட்காரவைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் சிலிக்கான் பசை போட்டு ஒட்டினேன். பிசிறில்லாத வேலை. பசை காய்ந்த பிறகுதான் கூட வந்த காகிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்தேன். மீட்டருக்குப் பின்னால் இரண்டு குட்டி ஸ்விட்சுகள் இருக்கின்றன. நாலு சிலிண்டர் எஞ்சினென்றால் இடது மேலே, வலது கீழே. இரண்டு சிலிண்டரென்றால் இடது கீழே, வலது மேலே. எங்கள் எஞ்சின் நாலு சிலிண்டர். இதை முதல் பத்தியில் போட்டால் என்ன கெட்டுப்போகும் அவர்களுக்கு?

ஒட்டினதைப் பெயர்க்க மனசு வரவில்லை. மைத்துனனிடம் எதற்கோ வாங்கி ஷெட் அலமாரியில் நான் போட்டுவைத்திருந்த பல் பார்க்கிற கண்ணாடி ஞாபகம் வந்தது. நீளக் காம்பு, நுனியில் நாணயம் அகலத்துக்குக் கண்ணாடி. காலை இருக்கை மேல் போட்டு, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, கண்ணாடியை மீட்டருக்குப் பின்னால் நீட்டினேன். ஸ்விட்சுகள் பளிச்சென்று தெரிந்தன. பல் குத்தும் குச்சியால் இடதை மேலே தள்ளினேன், வலதைக் கீழே தள்ளினேன். எழுந்தபோது கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது. மனசு மட்டும் நிறைந்திருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

நிறைந்த மனசு காலையிலேயே காலி. சாவியைப் போட்டால் மீட்டர் மங்கலாக எரிகிறது. இடது இன்டிகேட்டரைப் போட்டால் இடது வலது இரண்டு அம்புகளும் அரைகுறையாக மினுக்குகின்றன, மீட்டர் அணைந்துவிடுகிறது. அதாவது, நான் இடப்பக்கம் திரும்ப நினைத்தால் எஞ்சின் செத்துவிட்டது என்கிறது.

ஃபியூஸ் பார்த்தேன். பேட்டரி பார்த்தேன். ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தேன். மீட்டர் விற்றவனை மனசுக்குள் வைதேன். மதியம் இவள் காபி கொண்டுவந்தாள். கறுப்பு வயர் எங்கே போகிறது என்று கேட்டாள். பாடிக்கு என்றேன். பாடியை நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

"இது ஃபைபர்தானே? இதுல எப்படிங்க கரண்ட் போகும்?"

ஆறு வருஷம். அந்த ஃபைபரைத் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே அழிந்தது. அந்தத் தூசி மூக்கில் ஏறி இரண்டு மழைக்காலம் தும்மினேன். அதில் போய் எர்த் கொடுத்திருக்கிறேன். இன்டிகேட்டர் பல்பு வழியாகத் திருட்டுத்தனமாகப் பூமிக்குப் போய் வந்திருக்கிறது கரண்ட்.

கீழே இரும்புச் சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டி எர்த்தை மாற்றிக் கொடுத்ததும் எல்லாம் பளிச். இவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

ஆபீஸ் விட்டு வந்ததும் ஸ்டார்ட் செய்தேன். சும்மா நிற்கும்போது மீட்டர் 1,700 காட்டுகிறது. 850 இருக்க வேண்டும். கார்புரேட்டரை டியூன் செய்தது மைத்துனன், காதால். காதின் லட்சணம் தெரிந்துவிட்டது.

அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி 850க்குக் கொண்டுவந்தேன். எஞ்சின் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது, இரண்டு தரம் நின்றே போனது. நின்றால் நிற்கட்டும். எண் சரியாக இருக்கிறது.

மார்ச் 14, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் டெம்போவில் காரை ஏற்றி, மூடிக்கிடக்கிற மில்லின் மைதானத்துக்குக் கொண்டுபோனோம். ஸ்டார்ட் செய்ததுமே மைத்துனன் முகம் சுளித்தான். யார் இதில் கை வைத்தது, மூச்சுத் திணறுகிறது பாருங்கள் என்று சொல்லி, என்னைக் கேட்காமலே ஸ்க்ரூவைப் பழையபடி திருப்பினான். திருப்பட்டும் என்று விட்டேன். இன்றைக்குப் பொத்தான் இருக்கிறது என்ற தைரியம். புது மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், காதை நம்பி, அவன் பத்து ரவுண்டு அடித்தான். நான் ஓரமாக நின்று நல்ல பிள்ளையாகக் கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்து காரை இறக்கி ஷெட்டில் தள்ளியதும் பொத்தானை அழுத்தினேன்.

10,400.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவன் குனிந்து பார்த்தான். முதலில் சிரித்தான்.

"மாமா, பத்தாயிரம் போயிருந்தா பிஸ்டன் பறந்து வந்து நம்ம மடியில விழுந்திருக்கும்."

"மீட்டர் பொய் சொல்லாதுடா."

"அப்ப நான் சொல்றேனா?"

அந்த இடத்தில் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். நான் "ஆமா" என்றேன்.

அவன் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கின் பூட்டை விடுவித்து, சக்கரத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஸ்டீயரிங் அவன் வாங்கினது. மடக்கு நாற்காலியையும் எடுத்துக்கொண்டான்.

மார்ச் 15, ஞாயிறு

இவளிடம் எனக்காக இரண்டு வார்த்தை பேசச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் எனக்கு வேணும். யாரு சரின்னு எனக்கு வேணாம்," என்றாள். பாத்திரத்தை வைத்த சத்தத்தில் மிச்சத்தைப் புரிந்துகொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

வேறு ஸ்டீயரிங் இரவல் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். கிடைத்தது. பொருந்தவில்லை. பொருந்தியிருந்தாலும் கையெழுத்துக்கு அவன் வேண்டுமே. இரவல் மைத்துனன் எங்கே கிடைப்பான்?

மார்ச் 19, வியாழன்

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். இவளுக்குத் தூக்கம் போகிறதாம். கடிக்காமல் என்ன செய்வது? அவன் பொய் சொல்லியிருக்கிறான். சரி, அதை அப்படி முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டுமா? எண் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது வேறு என்ன சொல்வது? ஆனால் பிஸ்டன்… பத்தாயிரம் என்றால் நிஜமாகவே பிஸ்டன்…

இல்லை. மீட்டர் புதுசு.

மார்ச் 21, சனி

மதியம் ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். ஆறு வருஷத்தில் அவன் இல்லாத சனிக்கிழமை என்றால் அந்தக் கூட்டத்துக்குப் போன ஒன்றுதான், இது இரண்டாவது. ஸ்டீயரிங் இல்லாத கார் பொக்கை வாயைத் திறந்தபடி நிற்கிறது. அவன் உட்கார்கிற இடத்தில் தரையில் நாலு கால் தடம். அவன் தொணதொணப்பு இல்லாமல் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. எனக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான். நம்பர் பிளேட் அப்புறம்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. ராத்திரி ரொட்டி கடித்தபோது கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்தது கழன்று தட்டில் விழுந்தது. நறநறத்ததன் பலன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவன்தான்.

மார்ச் 23, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் கிளினிக் போனேன். போன் எடுத்த பெண் நேரம் கொடுத்துவிட்டதால் அவனால் தட்ட முடியவில்லை. "வாங்க" என்றான். மாமா என்கிற சொல் இல்லை. சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, "வாயத் திறங்க" என்றான். திறந்தேன். ஊசி, பஞ்சு, உறிஞ்சுகிற குழாய் எல்லாம் உள்ளே போனதும் அவன் பேச ஆரம்பித்தான். இதற்காகவே காத்திருந்திருக்கிறான். ஒன்பது நாள் சேர்த்து வைத்த பேச்சு, எதிரே பதில் சொல்ல முடியாத ஆள். எந்த டாக்டருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?

நான் அக்கா புருஷன் என்றும் பாராமல் எல்லாவற்றையும் எடுத்தான். ஆறு வருஷமாக அவன் கார்புரேட்டரைத் தொட்டதும் நான் பின்னாலேயே ஸ்கேல் எடுத்துக்கொண்டு வருவது. அவன் காற்றடித்த டயரை நான் மூன்று தரம் அளந்தது. அவன் வைத்த டீயில் சர்க்கரை எத்தனை கிராம் என்று கேட்டது. நான் "ஆ" என்றேன். மெஷினைச் சுழலவிட்டுக்கொண்டே கடைசியாக இதைச் சொன்னான்:

"என் சாமான எடுத்தா திருப்பிக் குடுக்கிற பழக்கமும் உங்களுக்குக் கிடையாது. அந்தக் கண்ணாடி எங்க? அதப் பாத்து வேலை செய்யறது சும்மா இல்ல. அதுல இடது வலமாத் தெரியும், வலது இடமாத் தெரியும். கை பழகவே மாசக்கணக்கா ஆகும் எங்களுக்கு. நீங்க அத ஷெட்டுல போட்டு வச்சிருக்கீங்க."

இடது வலமாகத் தெரியும்.

மீட்டருக்குப் பின்னால் இருந்த ஸ்விட்சுகள் ஞாபகம் வந்தன. இடது மேலே, வலது கீழே. கண்ணாடியில் பார்த்து. அப்படியானால் நிஜத்தில் இடது கீழே, வலது மேலே. இரண்டு சிலிண்டர். நாலு சிலிண்டர் ஸ்பார்க்கை இரண்டு சிலிண்டர் கணக்கில் எண்ணி, மீட்டர் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகக் காட்டியிருக்கிறது. 850 இருந்த எஞ்சினை 1,700 என்றது. அதை நான் பாதியாக்கி மூச்சை நிறுத்தினேன். அவன் காது சரியாகச் சொல்லியிருக்கிறது.

சொல்ல வேண்டும் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். கையை ஆட்டினேன். "ஆ, ஆ" என்றேன். வலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டான். என்ன இருந்தாலும் நல்ல டாக்டர்.

எல்லாம் முடிந்து வாய் கொப்பளித்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நாக்கு, உதடு, பாதிக் கன்னம் எதுவும் என் வசம் இல்லை. என்ன சத்தம் வந்ததோ தெரியாது, எச்சில் வந்தது. அவன் துண்டால் துடைத்துவிட்டு, ரெண்டு மணி நேரம் சூடா எதுவும் குடிக்காதீங்க என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

நேரே ஷெட்டுக்கு வந்தேன். தலையை உள்ளே விட்டு, இந்தத் தரம் கண்ணாடி இல்லாமல் விரலால் தடவி, ஸ்விட்சுகளை மாற்றினேன். ஸ்டார்ட் செய்தேன். 850. அவன் காதால் வைத்தது, ஒரு சுற்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊரில் உள்ள தராசையெல்லாம் நிறுத்தி வைத்துச் சோதிக்கிறவன், தன் டாஷ்போர்டில் இருந்ததைச் சோதிக்கவில்லை. ஒரு பழைய மீட்டரை இரவல் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆபீஸில் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதே இதுதான். ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

நாக்கு திரும்பிவிட்டது. விடிந்ததும் அவன் வீட்டுக்கே போனேன். வாசலில் நிற்கவைத்தே கேட்டான். கண்ணாடி, ஸ்விட்ச், இரண்டு சிலிண்டர் எல்லாம் சொன்னேன். நீ பொய் சொல்லவில்லை, நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டேன் என்றேன்.

அவன் எல்லாம் கேட்டு முடித்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து முடிக்கவே ஒரு காபி ஆறுகிற நேரம் ஆயிற்று. என் கண்ணாடியை எடுத்து எனக்கே ஆப்பு வைத்தீர்களே மாமா என்றான். மாமா வந்துவிட்டது.

மார்ச் 25, புதன்

சாயங்காலம் ஸ்டீயரிங்கோடு வந்தான். மடக்கு நாற்காலியும் வந்தது. சக்கரத்தை மாட்டிக்கொண்டே, தன் நிரபராதித்தனத்தை இன்னொரு தரம் ருசித்துப் பார்க்க ஆசைப்பட்டான்.

"அப்ப நான் உண்மையில எவ்வளவு போயிருக்கேன்? பத்தாயிரத்து நானூறுல பாதி…"

அதோடு நிறுத்திக்கொண்டான். எதையோ தேடுகிற மாதிரி இருக்கைக்கு அடியில் குனிந்தான். கழுத்துவரை சிவந்துவிட்டது.

ஐயாயிரத்து இருநூறு. நேற்று ராத்திரி படுக்கும்போதே நான் போட்டுப் பார்த்துவிட்டேன். தாண்டியிருக்கிறான். இருநூறு சுற்று, நூற்றுக்கு நாலு. எங்கள் துறை நூற்றுக்கு நாலு பிழையை ஒருநாளும் விடாது. கடைக்குச் சீல் வைத்துவிடுவோம்.

நான் விட்டுவிட்டேன். பூட்டு சரியாக விழுந்ததா பார் என்று மட்டும் சொன்னேன். விழுந்துவிட்டது மாமா என்றான்.

மார்ச் 27, வெள்ளி

தேறிவிட்டது. ஆய்வாளர் விளக்குகளைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், ஹாரனை அடித்துத் தானே திடுக்கிட்டார். மீட்டரில் 850 என்று எரிவதை விரலால் தொட்டு, "மணி தப்பா காட்டுதே" என்றார். நானும் மைத்துனனும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்திருப்போம். சரிசெய்துவிடுகிறோம் என்று சொல்லி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நம்பர் பிளேட் மாட்டியாயிற்று. இரண்டே இருக்கை என்பதால் முதல் சவாரி யாருக்கு என்று பேச்சு வந்தது. உன் அக்காவை உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டு என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்துவிட நான் முன்னால் போனேன். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நல்ல பிள்ளையாகத்தான் போனார்கள்.

அப்புறம் பெரிய ரோடு பக்கமிருந்து சத்தம் வந்தது. ஏறிக்கொண்டே போனது. இத்தனை நாளில் என் காதும் கொஞ்சம் பழகிவிட்டது போலிருக்கிறது. நாலாயிரம். ஐயாயிரம். ஐயாயிரத்து ஐந்நூறு, அதற்கும் மேலே. ஆயிரம் கிலோமீட்டரில் இன்னும் கால்வாசிகூட ஆகவில்லை. வரட்டும், இருநூறை விட்டுவிட்டேன் என்பதற்காக இப்படியா என்று, கேட்டைப் பிடித்துக்கொண்டு, கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்தேன்.

கார் வந்து நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இவள் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி முழுக்கக் கலைந்து, முகமெல்லாம் சிவந்து, இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு. பக்கத்து இருக்கையில் மைத்துனன் கதவை இரண்டு கையாலும் பிடித்தபடி பேயறைந்த மாதிரி இருந்தான்.

"நான் சொன்னேன் மாமா. கேக்கல," என்றான்.

இவள் எஞ்சினை அணைக்கவில்லை. மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஏங்க, இது இப்ப சரியாத்தான காட்டுது?"

சரியாகத்தான் காட்டுகிறது என்றேன். இறங்கப்போன மைத்துனனை அவசரமாக இறக்கிவிட்டு நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.